போலித் தோட்டா

ஏழு மீட்டர்.
ஒரு டிராம் பெட்டியின் நீளம்கூட இல்லை.
அந்தத் தூரத்தில் தொங்கும் தாளின் கறுப்பு வட்டத்தை
ஐந்து வாரமாகத் தொட முடியவில்லை என்னால்.
குண்டுகள் எல்லாம் இடப்பக்கம், கீழே,
கடைசி நிறுத்தத்தில் இறங்க மறந்தவர்களைப் போல
ஒரே மூலையில் ஒண்டிக்கொள்கின்றன.

ஓலொமோட்ஸுக்கு வெளியே
மூடிய பீர் ஆலையின் நிலவறை.
பீப்பாய் வாடையின் மேல் வெடிமருந்து வாடை.
செவ்வாய் இரவு எட்டரைக்கு
மூன்றாம் தடம் எனக்கு, நான்காம் தடம் ராடிமுக்கு.
விடியும்வரை ரொட்டி சுடுகிறவன்,
அடுப்புக்குப் போகும் வழியில் இங்கும் சுடுகிறான்.
அவனும் கற்றுக்குட்டிதான்.
அவனுடையவை மேலே போகும், என்னுடையவை கீழே.
கூட்டி இரண்டால் வகுத்தால்
எங்களைப் போல் குறி தவறாதவர் இல்லை.

பாடம் எல்லாம் மனப்பாடம்.
சுடும்வரை விரல் விசைக்கு வெளியே.
முன்குறி துல்லியமாக, இலக்கு மங்கலாக
(எதைப் பார்க்க வந்தோமோ அதை மங்கவிட வேண்டும்,
கண்ணுக்கு இதைப் புரியவைக்கவே ஒரு மாதம்).
விசையை இழுக்காதே, அழுத்து.
வெடிப்பது உனக்கே செய்தியாக வரட்டும்.

போன வாரம் ராடிம் என் தோட்டாக்கூட்டை நிரப்பித் தந்தான்.
எங்கேயோ ஒரு போலி கலந்திருந்தான்,
எங்கே என்று சொல்லவில்லை.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவது,
டிக்.

வெடி இல்லை. உதைப்பு இல்லை.
ஆனாலும் குழல் குனிந்தது,
அடி விழுமென்று தலையைத் தாழ்த்தும் பையனைப் போல,
அடிக்க ஆளே இல்லாத அறையில்.
அரண்ட கைக்கு அமைதியும் வெடிதான்.

ராடிம் எதுவும் சொல்லவில்லை.
காதுக்கவசத்தைச் சரிசெய்வது போல்
வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டு நவம்பருக்கு முன்னால்
ஈர இலைகள் தண்டவாளத்தில் ஒட்டிய காலை,
மருத்துவமனை வளைவில்
என் முன்னால் ஒரு சைக்கிள் விழுந்தது.
மணல் கொட்டி, மணி அடித்து, பிரேக்கை முழுசாக இறக்கி,
அவனுக்கும் வண்டிக்கும் நடுவே
ஒரு முழம் மிச்சம்.
எழுந்தான். கையுறையைத் தேடி எடுத்தான்.
மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.
அவன் போய்விட்டதை
என் கைக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இப்போது இரவுகளில், பணி முடிந்து,
தோட்டாக்களை அடுத்த அறையில் பூட்டி,
துப்பாக்கி காலிதானா என்று இருமுறை பார்த்து,
நம்பாமல் மூன்றாம் முறையும் பார்த்து,
கனத்த சுவரை நோக்கி நிற்கிறேன்.
முன்குறிக்குப் பின்னால் ஐந்து கொருனா நாணயம்.
அழுத்துகிறேன். விழுகிறது.
அழுத்துகிறேன். விழுந்து குளிர்பெட்டிக்கு அடியில் உருள்கிறது.
கீழ்வீட்டு ஸ்லாவ்கா துடைப்பக் கட்டையால்
கூரையைத் தட்டுகிறாள்.
முப்பது கொருனா வரை குளிர்பெட்டிக்குக் கடன்.

பிறகுதான் உறைத்தது.
பத்தொன்பது வருடம் நான் செய்வது இதுதானே?
நிற்கும் பயணியின் கோப்பையில்
காபி அலையாமல் வண்டியை நிறுத்துவது.
எப்போது நின்றது என்று அவருக்கே தெரியக் கூடாது.
விசையை மறந்தேன்.
நிறுத்தம் வருகிறது, யாரோ நிற்கிறார், கையில் சூடான கோப்பை.

டிக்.
நாணயம் அப்படியே இருந்தது.
நள்ளிரவு பன்னிரண்டே கால்.
ஆடாமல் நின்றேன், வெகுநேரம்,
இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்.

இந்தச் செவ்வாய் இரண்டு போலிகள்.
முதலாவதில் குழல் அசையவில்லை.
ராடிம் மாவு படிந்த கட்டைவிரலை உயர்த்தினான்.
இரண்டாவதில் பழையபடி குனிந்தது.
தாளில் ஐந்து ஓட்டைகள் மட்டும்
மூலையை விட்டு வெளியே வந்திருந்தன,
கூட்டத்தில் வழி கேட்பவர்களைப் போல
வட்டத்தின் ஓரம் நின்றன.

நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வண்டி.
அந்த வளைவு வழியாகத்தான்.