அரை அங்குலச் சுவர்

செவ்வாய்க்கிழமை லைல் வெளியே வருகிறான்.
சிறை அலுவலகம் கடிதம் போட்டிருந்தது,
தண்ணீர் வரி ரசீது மாதிரி
ஜன்னல் வைத்த உறையில்.

சனிக்கிழமை காலை ஹாஸ்கல் கடையில் நிற்கிறேன்.
மான் தலைகள் மூன்று, தீய்ந்த காபி,
கண்ணாடிக்கடியில் வரிசையாய்ப் படுத்திருக்கும் இரும்பு.
"வலது கையா, இடது கையா?" என்றார்.
எந்தக் கையால் அடித்தான் என்றுதான்
இதுவரை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

நாற்பத்தைந்தை உள்ளங்கையில் வைத்தார்.
நான் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள்,
கனம் எனக்குப் புதிதல்ல.
ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெட்டைக்குதிரை
மணிக்கட்டை உதைத்து முறித்தது.
"இது அதைவிட மரியாதையாய் உதைக்கும்" என்றார்.
உதை உதைதானே.

ஒன்பது மில்லிமீட்டர் நல்லது, ஊரே அதைத்தான் வாங்குகிறது.
மேல்மூடியைப் பின்னுக்கு இழுக்க
ஒட்டவைத்த எலும்பு ஒத்துக்கொள்ளவில்லை.
கடைசியில் முப்பத்தெட்டு.
உருளை வயிறு, ஐந்து அறை.
இழுக்க ஒன்றுமில்லை, விசையைத் தவிர.

"ஐந்துதானா?"
"ஐந்தில் ஆகாதது பதினைந்தில் ஆகும் என்பவர்கள்
அந்தப் பக்க அலமாரிக்குப் போவார்கள்."

பிறகு தோட்டா.
பழகுவதற்கு ஐம்பது: உருண்டை மூக்கு, மலிவு.
காப்பதற்கு இருபது: மூக்கில் குழி,
உடம்புக்குள் போனதும் பூவாய் விரியுமாம்.
பூ என்றுதான் சொன்னார்.
விரிவதால் நின்றுவிடும், நிற்பதால்
பின்னால் இருப்பவரைத் தொடாது.
ஜெலட்டின் கட்டியின் படம் காட்டினார்:
பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது,
பதினெட்டைத் தாண்டக்கூடாது.
லைலின் மார்பளவு எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடம் அவனுக்குச் சட்டை வாங்கியவள்.
சொல்லவில்லை.

பின்னால் இருப்பவர் என்றதும்
மரிசெலா நினைவுக்கு வந்தாள்.
இறைச்சித் தொழிற்சாலையில் வேலை,
என் வீட்டுக் கிழக்கறையில் வாடகை.
அவள் மகள் இட்ஸெல், பதினோரு மாதம்.
தொட்டில் என் சுவரை ஒட்டி.

ஞாயிறு, வறண்ட ஓடையில் ஒரு சுவர் கட்டினேன்.
அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு,
நடுவே வெற்றிடம், என் வீட்டில் உள்ளபடி.
பின்னால் தண்ணீர் நிரப்பிய பால் கேன்கள்.
மலிவானது துளைத்தது. எதிர்பார்த்ததுதான்.
விலை கூடியதில் இரண்டு செலவழித்தேன்.
அவையும் துளைத்தன.
கேனின் அடியில் துழாவி ஒன்றை எடுத்தேன்.
குழிக்குள் வெள்ளை மாவு அடைத்து
மூடிய மொட்டாகவே இருந்தது.

கைகளைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பெட்டியின் மேல் வேகம் அச்சிட்டிருந்தது,
எடை அச்சிட்டிருந்தது.
இருட்டில், கை நடுங்கும்போது,
எது எங்கே போகும் என்று இல்லை.

திங்கள் மாலை கட்டிலை நகர்த்தினேன்.
முன்பு படுத்த மூலையிலிருந்து பார்த்தால்
கதவும் தொட்டிலும் ஒரே கோட்டில்.
எதிர் மூலைக்கு இழுத்தேன்; கால்கள் தரையைக் கீறின.
இங்கிருந்து கதவு, கதவுக்குப் பின்னால்
கூடத்தின் வார்ப்பிரும்பு அடுப்பு,
அதன் பின்னால் செங்கல், அதன் பின்னால்
சோளம் அறுத்த வயல், நாலு மைல்,
நெப்ராஸ்காவின் காற்று தவிர ஒருவருமில்லை.

சத்தம் கேட்டு மரிசெலா எட்டிப் பார்த்தாள்.
"தொட்டிலையும் தள்ளி வைக்கணும்" என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
ஒரு முனையை அவளே பிடித்தாள்.
அவளும் ஒரு ஊரிலிருந்து
இரவோடிரவாகக் கிளம்பி வந்தவள்தான்.

செவ்வாய் இரவு.
அறைகளில் ஐந்து. பெட்டியில் பதின்மூன்று.
நெடுஞ்சாலையில் ஏதோ வண்டி வேகம் குறைக்கிறது.
வளைவுக்காகத்தான். போய்விட்டது.
எட்டடி தள்ளி வைத்தும்
இட்ஸெல் இருமுவது கேட்கிறது,
இருமி முடித்து
விரல் சூப்புவதும்.