கட்டம் பதினேழு

பதிவு இலக்கம், பட்டச் சான்றிதழ்,
ஈரல் அழற்சித் தடுப்பூசி மூன்றும் போட்டதற்கு அத்தாட்சி,
கடவுச்சீட்டு அளவில் சிரிக்காத முகம் இரண்டு.
எல்லாம் சரி என்றார் அருந்தவச்செல்வன்.
பிறகு பேனையின் பின்பக்கத்தால் தட்டினார்:
கட்டம் பதினேழு.
உமது குடும்ப வைத்தியர்?

எனக்கு ஒருவரும் இல்லை.
காய்ச்சலென்றால் விடுதி அலுமாரியில்
நானே எடுத்து நானே விழுங்கினது.
நெஞ்சு படபடத்த பரீட்சைக் கிழமையில்
நாடி பிடித்ததும் என்னுடைய மற்றக் கைதான்.

"வெறுமையா விடேலாது, தங்கச்சி.
திங்கள் தொடங்கிறதெண்டால் இண்டைக்கே நிரப்பும்."

பண்ணைக் காற்றில் கோப்பைக் கக்கத்தில் இறுக்கி
பண்டத்தரிப்பு பஸ்.
திங்கள் முதல் நான் பயிலப்போகும் அதே சிகிச்சை நிலையம்,
ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம்.
வாங்கில். இலக்கம் இருபத்தாறு.

பக்கத்தில் றெஜீனா அக்கா,
காற்புண்ணில் ஈ அண்டாமல் பேப்பரால் விசிறியபடி,
"பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

ஆறு வருசம் இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன்.
பதில் வரமுன்னம் எழுதவும் தொடங்கினேன்.

"ஒண்டுமில்லை அக்கா, ஒரு கையெழுத்து."
"ஓம், நானும் முதன்முதல் ஒரு துண்டு வாங்கத்தான் வந்தனான்.
அது ஏழு வருசம்."
கொஞ்சம் அரக்கி இடம் விட்டா.

உள்ளே மணி. பதினொன்று போகுது.
எனக்கு முன்னால் இன்னும் பதினாலு பேர்.
எந்தப் புத்தகத்திலும் இது இருக்கவில்லை:
கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும்
வாங்கில் முழுதும் நிமிர்கிறது,
நானும்.