தொட்டி மூன்று, ஆள் இரண்டு

நாற்பத்திரண்டு முடிய எனக்குப்
பதினோரு நாள் பாக்கி.
பிராந்தியப் படை கேட்கும் வயதுக்கும் அதுவே எல்லை.
முந்தின நாள் ராணிப்பேட்டையில்
கடைசித் தோலையும் இழுத்துப் போட்டுவிட்டு
ராத்திரி பஸ்ஸில் வேலூர் வந்தேன்.
கோட்டை அகழிக்கு எதிரே
மூடின ஜெராக்ஸ் கடைப் படியில் படுக்கை.
பக்கத்தில் மேல்விஷாரம் இம்தியாஸ்.
வயசு இருபத்திரண்டு,
குறட்டைக்கு மட்டும் அறுபது.

என் ஷூ ஆம்பூர் ஏற்றுமதியில் கழித்துவிட்டது:
இடது எட்டு, வலது எட்டரை.
அதோடுதான் ஆயிரத்து அறுநூறு மீட்டர்.
"அங்கிள், ஓரம்!" என்று
இரண்டாம் சுற்றில் தாண்டிப் போன பையன்களில் ரெண்டு பேர்
மூன்றாம் சுற்றில் வேலியோரம் குனிந்து
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நான் ஓரமாகவே போய்ச் சேர்ந்தேன்.

பத்தொன்பது வயசில் மார்பில் சுற்றிய நாடா
அரை சென்டிமீட்டர் போதாது என்றது.
இழு. இன்னும் இழு. சரி, போ.
இந்த முறை இழுத்தேன்,
ஈரத்தோல் தூக்கித் தூக்கி விரிந்த மார்பு
எழுபத்தெட்டிலிருந்து எண்பத்துநாலுக்கு ஏறியது.
நாடா பிடித்தவன் நிமிர்ந்து
முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எழுபத்துநாலு தெரிந்தது.
முட்டி இடிக்கவில்லை, பாதம் தட்டையில்லை,
காதில் அழுக்கில்லை
(செவ்வந்தி ரெண்டு நாளாய் எண்ணெய் விட்டிருந்தாள்).

அப்புறம் மேசை.
படிப்பு, சாதி, இருப்பிடம், நன்னடத்தை,
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்.
"வேலைச் சான்றிதழ்?"

வேலை இல்லாதவன் போவதுதான் பட்டாளம் என்று
நினைத்திருந்தேன்.
இங்கே வேலை இருப்பவன்தான் வேண்டுமாம்.
கூப்பிட்டால் வரணும்,
அனுப்பிவிட்டால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கணும்.

இடம் இருக்கிறது.
இருபத்தொரு வருஷமாய்,
சுவரோரம் மூன்றாவது சுண்ணாம்புத் தொட்டி.
ஆனால் கம்பெனி ரிஜிஸ்டரில் நான் இல்லை.
மேஸ்திரி பக்தவச்சலத்தின் நோட்டிலும்
ஜலகண்டன் என்று யாருமில்லை,
'தொட்டி 3, ஆள் 2' என்று இருக்கும்.
சனிக்கிழமை வரும் கூலிக் கவரும் வெள்ளை.
எங்கள் தெருவில் நாலு வீட்டுக் கதவில்
பேருக்கு முன்னால் ஹவில்தார், நாயக், சுபேதார்.
என் கதவில் கரன்ட் மீட்டர் நம்பர்.

"நாலு மணிக்குள் கொண்டா" என்றார் மேசைக்காரர்.
மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.
"எழுதிக் குட்த்தா நாளைக்கு பி.எஃப். கேப்ப.
இன்னாபா, வெளாட்றியா?"
கட்.

"சரி, கைரேகையாவது வை, பதிவுக்கு."
வலது கட்டைவிரல். சிவப்பு விளக்கு.
இடது. சிவப்பு.
சட்டையில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து,
இம்தியாஸ் சொன்னபடி எச்சில் தொட்டு,
சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
அவர் என் கையைப் பிடித்து
ஜன்னல் பக்கம் திருப்பினார்.
பாலாற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழ.
"ரேகை எங்கய்யா?"
"தொட்டியில சார்."
"எந்தத் தொட்டி?"
சொன்னேன்.
சுண்ணாம்பு, சல்பைடு, கிழிந்த கையுறை,
கையுறையே இல்லாத மழைக்காலங்கள்.
எழுதாமல் கேட்டார்.
"இதுல சீல் இல்லையேப்பா" என்றார் கடைசியில்.
கேலி இல்லை.
கையை உடனே விடவும் இல்லை.

மணி ரெண்டே கால்.
ராணிப்பேட்டைக்குப் போக முக்கால் மணி நேரம்,
கேட்டில் நிற்க எவ்வளவோ,
வர முக்கால்.
வலது ஷூவில் ஒரு விரல் இடம் ஆடியது.
நன்னடத்தைச் சான்றிதழின் இரண்டாம் பிரதியை
நாலாய் மடித்து நுனியில் திணித்தேன்.
கயிற்றை இழுத்துக் கட்டினேன்.
பஸ் ஸ்டாண்டு
நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.