கூறையின் பரப்பளவு

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
"கூறையின் பரப்பளவு?"
கூரையைத்தான் கேட்கிறார்கள்.
தமிழுக்கு மாற்றிய யாரோ
வல்லின றகரத்தை ஏற்றிவிட்டார்.
என் கூறை பன்னிரண்டு முழம், அரக்குச் சிவப்பு.
கடல் வீட்டுக்குள் வந்த வருடம்
உப்பு ஏறிச் சரிகை பச்சை பூத்தது.
கோட்டில் இடம் போதாது.
நானூற்றி இருபது சதுர அடி என்று எழுதினேன்.

அலஸ்தோட்டத்தில் ஐஸ்பழம் செய்து விற்கிறேன்.
மூன்று டீப் ஃப்ரீசர்.
வெயில் ஏறினால் வியாபாரம் ஏறும்,
கூடவே கரண்ட் பில்லும்.
போன பங்குனியில் முப்பத்தோராயிரம்.
அதே வெயில் தலைக்குமேல் சும்மா கிடந்து
அஸ்பெஸ்டஸ் சீற்றை வெடிக்கவைத்தது.

வங்கியில் சகாயராணி மிஸ் விளங்கப்படுத்தினார்:
சூரியசக்திக்கென்று தனிக்கடன், குறைந்த வட்டி,
ஏழு வருடத் தவணை,
காணிக்கு உறுதி இருந்தால் போதும்.
என்னிடம் இருப்பது அனுமதிப்பத்திரம்.
மூன்று தரம் இடம்பெயர்ந்தவளிடம்
உறுதி இருக்கா என்று கேட்டால்
எந்த உறுதியைச் சொல்ல?
இரண்டு பிணைகாரர் பிடித்தேன்,
ஒருவர் ஆசிரியர், மற்றவர் துறைமுகத்தில் கிளார்க்.
மிச்சக் காசுக்குத் தாலிக்கொடி போனது.
கழுத்து லேசாய் இருக்கு என்றேன், அவர் சிரிக்கவில்லை.

சோலைவரி கட்டிய துண்டு வேண்டுமாம்.
கட்டியிருக்கிறேன்,
ஒரு முருங்கைக்கும் ஒரு வேம்புக்கும்.
நிழல் விழுகிறதென்று வேம்பின் தெற்குக் கொப்பைத் தறிக்கச் சொன்னார்கள்.
மூன்று பிரதி எடுத்து பஸ் நிலையத்தில் நிற்க
மான் ஒன்று வந்து ஒரு பிரதியைத் தின்றது.
ஜி.எஸ். கையெழுத்து இருந்த பிரதி.

பிறகு மின்சார சபை:
"உங்கட ட்ரான்ஸ்போமர் நிரம்பிட்டுது."
குடம் நிரம்பும், குளம் நிரம்பும்.
கம்பத்தில் தொங்கும் இரும்புப் பெட்டி
எப்படி நிரம்பும் தம்பி?
பைறூஸ் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு றோட்டுக் கீறினான்,
அதில் வரிசையாய் லொறிகள்.
"முன்னுக்கு நிக்கிறது கடற்கரை ஹோட்டல் அக்கா,
நாப்பது கிலோவாட். நீங்க பதினேழாவது."
பதினான்கு மாதம்
அந்தப் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே
சைக்கிளில் போய்வந்தேன்.

வந்தது.
சீற்றின் மேல் கல்வனைஸ் பைப், அதற்கு மேல் பத்துப் பலகை.
கடற்காற்றில் ஆணி கறள் பிடிக்கும்,
மாதம் ஒருக்கால் நல்ல தண்ணியால் கழுவச் சொன்னார்கள்.
முதல் பில்லில் ஒரு கழித்தல் குறி.
அந்தச் சிறிய கோட்டை
ஃப்ரீசர் மூடியில் ஒட்டிவைத்தேன்.

சித்திரை பிறக்க இரண்டு நாள். போனில் குறுஞ்செய்தி:
பண்டிகைக் காலத்தில் மின்தேவை குறைவு,
கூரைச் சூரிய மின்தொகுதிகளை
காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை
நிறுத்திவைக்கவும்.
கூரை. இந்தமுறை எழுத்துப்பிழை இல்லை.

வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகி,
முற்றத்தில் பானை பொங்கி,
மேடத்துக்குள் நுழைந்தவனைக் கும்பிட்டுவிட்டு
ஈரத்தலையோடு போய்
அவனை நிறுத்தினேன்.
திருகும் கட்டை, கறுப்பு, கால்வட்டம்.
பலகையெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்டு
ஒன்றும் செய்யாமல் கிடந்தன.
விடுமுறை அவனுக்குத்தான்,
பதினைந்தாம் திகதித் தவணைக்கு இல்லை.

பெடியள் கைவிசேஷக் காசோடு வந்தார்கள்.
நெல்லி, நன்னாரி, பால்.
பன்னிரண்டு மணிக்குப் பைறூஸும் வந்தான், இரண்டு பிள்ளைகளோடு.
நிறுத்தின நேரத்துக்குக் காசு தருவினமோ என்று கேட்டேன்.
"அதுக்கு இன்னும் ஃபோம் வரேல்ல அக்கா" என்றான்,
நன்னாரி சொட்டச் சொட்ட.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கவே
திருகிவிட்டேன். சொல்லாதேயுங்கோ.
பெட்டி உடனே எழும்பாது,
லைனோடு ஒத்துப்போக
ஒரு நிமிடம் எடுக்கும்.
வெட்டின கொப்பின் அடியில் இரண்டு தளிர் கண்டேன்,
இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை.
பிறகு பச்சை விளக்கு.