மாதிரி எண் பதினேழு

ஆய்வுகூடக் குளிர்பெட்டியில்
மேல்தட்டு முழுக்க மண்.
கீழ்த்தட்டின் இடது மூலை எனக்கு.
இரண்டுக்கும் ஒரே வெள்ளை ஒட்டுத்தாள்,
ஒரே கறுப்புப் பேனை:
திகதி, நேரம், எடுத்தவர், ஆழம்.
ஆழம் என்கிற இடத்தில்
பால் போத்தலுக்கு ஒரு சிறு கோடு போட்டுவிடுவேன்.

பாயிஸ் நானா ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை.
பத்தரைக்கும் இரண்டரைக்கும்
நிறுவை அறையைத் திறந்து தந்துவிட்டு
வாசலில் கதிரை போட்டு
பத்திரிகையை அகல விரித்துக்கொள்வார்.
உள்ளே தராசு பூச்சியத்தில் நிற்கும்.
பம்ப் இழுக்கிற இழுவைக்கு
அதன் கடைசித் தசம இலக்கம் மட்டும்
நடுங்கிக்கொண்டிருக்கும்.

தகுதிகாண் விரிவுரையாளர்
என்று நியமனக் கடிதம் சொல்கிறது.
எட்டு வருஷத்துக்குள் கலாநிதிப் பட்டம்,
இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.
வீட்டில் அப்படிக் கடிதம் யாரும் தரவில்லை,
தகுதிகாண் காலம் மட்டும் நடக்கிறது.
பால்மா ரின்னைத் திறக்கும்போது
மாமியின் கையிலிருந்து மூடி
கொஞ்சம் சத்தமாக விழும்.
அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லமாட்டா.

களியோடைக்குத் தெற்கே, வட்டைக்குள்
நாற்பது இடத்தில் மண் எடுத்தேன்.
முப்பத்தொன்பது ஒழுங்கு.
பதினேழு மட்டும்
ஆறு புள்ளி எட்டு.
அக்கம்பக்கம் நிற்கிறவை ஒன்றைத் தாண்டவில்லை.
இவ்வளவு உப்பு எங்கிருந்து வரும்?

மேற்பார்வையாளர் நல்ல மனுசன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
"பிள்ளைக்குச் சுகமில்லாத கிழமைதானே அது?
எங்கேயோ போத்தல் மாறியிருக்கும்.
எடுத்து விடுங்க. ஒரு புள்ளிதானே."

ஓம் என்றேன்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
அந்தக் கிழமை நுஸைபாவுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
ஒரு கையில் ஈரத்துணி, மற்றக் கையில் விடைத்தாள்.
எழுபத்துநாலு எடுத்த பொடியனுக்கு
நாற்பத்தேழு போட்டேன்.
உப்புப் போட்ட கறிக்கு மறுகாவும் உப்புப் போட்டேன்.
அந்த நாட்களில்
எந்தப் பிழை ஊருக்குள் வந்து இறங்கினாலும்
நேரே என் வீட்டுக்கு வழி கேட்டு வந்தது.

பதினேழை அழித்தேன்.
வரைபடம் அழகாகிவிட்டது.
அந்த அழகுதான் தூங்க விடவில்லை.

சனிக்கிழமை. மாமிக்குக் கிளினிக்.
பிள்ளை இடுப்பில், மண்துளைப்பான் தோளில்.
"மிஸ், கிணறா தோண்டப் போறீங்க?"
என்றான் ஓட்டோக்காரன்.

முதல் தடவை வந்தபோது எல்லாம் ஒரே சேறு.
இப்போது அறுவடை முடிந்து
அரிதாள் காலைக் குத்துகிறது.
நான் கட்டிவிட்டுப் போன சிவப்புச் சீலைத்துண்டு
கம்பில் வெளுத்துத் தொங்குகிறது.
அதைச் சுற்றி,
மூன்று பாய் விரிக்கிற அளவுக்கு,
ஒரு தாளும் இல்லை.
வெறுந்தரை.

நான் துளைத்தேன்.
நுஸைபா பக்கத்தில் குந்தி
என் திறப்புக் கோர்வையை மண்ணில்
நடுவதும் பிடுங்குவதுமாக இருந்தாள்.

திங்கள் காலை
பாயிஸ் நானா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.
பிள்ளை பால் மறந்து மூன்று மாதம்;
அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மானியைக் கழுவி இறக்கினேன்.
ஆறு புள்ளி ஒன்பது.
கழுவினேன். மறுகாவும்
ஆறு புள்ளி ஒன்பது.

நிறுவை அறைக்குள் போய்
கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.
நான் பிழை விடவில்லை.
தூக்கமில்லாத அந்தக் கை
சரியான போத்தலில்
சரியான எண்ணைத்தான் எழுதியிருக்கிறது.
வட்டைக்கு அடியால் எங்கேயோ
கடல் ஒரு பாதை கண்டிருக்கிறது.
களைப்பு என்று எண்ணி
இந்த இரண்டு வருஷத்தில்
வேறு எதையெதையெல்லாம் அழித்தேனோ.

பதினேழைத் திரும்ப எழுதப் போனால்
கோர்வையில் லாச்சித் திறப்பைக் காணவில்லை.
அங்கேதான் நட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

முளைக்காது மகள்.
என்னிடம் தரவு இருக்கிறது.