முப்பத்தாறு

முப்பத்தாறு என்றார் டாக்டர் நஸீமா.
மனிதனுக்கு மொத்தமே முப்பத்திரண்டுதானே என்றேன்.
வாய்க்குள் கண்ணாடிக் கரண்டி இருந்ததால்
அது வேறு ஏதோ சத்தமாக வந்தது.
நம்பர் போடுற முறை அப்படி என்றார்.
பதினெட்டு வருஷமாகப் பஸ்ஸில் தலை எண்ணுகிறவனுக்கு
இது புரியாதா.
சீட்டுக்கு மேல் நிற்கிற ஆள்.
அவனால்தான் எப்போதும் தகராறு.

கீழ் இடது கடைவாய்.
தீப்பெட்டி அளவு கறுப்புப் படத்தில்
என் பல் இரண்டு காலையும் ஊன்றி நின்றது,
காலடியில் கொஞ்சம் சாம்பல் நிழல்.
வேரைச் சுத்தம் செய்து அடைக்க ஐயாயிரத்து ஐநூறு,
மேலே மூடி போட இன்னொரு ஆறாயிரம்,
நாலு தடவை வரணும்.
பிடுங்க எழுநூறு. இன்னைக்கே முடிஞ்சிடும்.
"நல்ல பல்லுங்க, வச்சிக்கலாம்."
நல்ல பல்லுக்கு எதுக்குப் பதினோராயிரத்து ஐநூறு
என்று கேட்கவில்லை.
யோசிச்சு சொல்றேன் என்று செருப்பைத் தேடினேன்.

கடலூருக்கும் பாண்டிக்கும் நாளைக்கு எட்டு நடை.
ஆல்பேட்டையில் பிடுங்கிவிடலாம் என்றிருக்கும்.
பெண்ணைப் பாலத்தில் காற்று வாய்க்குள் புகுந்ததும்
இப்போதே, இந்த நிமிஷமே என்றிருக்கும்.
ரெட்டிச்சாவடிக்குள் வலி அடங்கி
பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்.
முள்ளோடையில் குடிக்க இறங்குகிறவர்களில் ஒருத்தன்
முன்பல் நாலும் இல்லாமல் சிரித்து
மீதி ரெண்டு ரூபாய் வேண்டாமென்றான்.
அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

பல் போனால் சொல் போகுமாம்.
எனக்குச் சொல் அதிகம் தேவைப்படாது.
ஒன்று ஊதினால் நிற்கும்,
இரண்டு ஊதினால் போகும்.
ஆனால் விசிலை நான் கடித்துப் பழகியது
இடது பக்கம்.

ராத்திரி தில்லைநாயகியிடம்
சீட்டை இந்த மாசமே தள்ளி எடுத்தால்
எவ்வளவு கழியும் என்று கேட்டேன்.
ஒரு வாரமாக இதே பேச்சு.
நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.
"எனக்கு ரெண்டு புடுங்குனப்ப
யாரு இவ்ளோ யோசிச்சது?"
கோபமில்லை. மீன் தலை கிள்ளுகிற வேகம்
மாறவே இல்லை.

எப்போது என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்டால் மறந்தது தெரிந்துவிடும்.
பிறகு ஒவ்வொன்றாக வந்தது:
முதுநகர், அடை மழை, முந்நூறு ரூபாய்,
ரத்தம் நிற்க ஒரு கப் ஐஸ்கிரீம்
பெரிய மனசோடு நான் வாங்கிக் கொடுத்தது.
மறுநாள் காலை நாலரைக்கு எனக்கு முதல் நடை.

செல்போன் டார்ச்சைப் போட்டு, காட்டு என்றேன்.
"எதுக்கு, டிக்கெட் கிழிக்கவா?"
காட்டினாள்.
கீழே வலது பக்கம் வெறும் ஈறு.
மேலே இருந்த பல்
எதிரில் யாரும் இல்லாததால் நீண்டு இறங்கி
பூட்டின வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.
இத்தனை வருஷம் முறுக்கை அவள் டீயில் நனைத்தது
ருசிக்கு என்று நினைத்திருந்தேன்.
என் பங்கையும் நனைத்துத் தரச் சொல்லிக்
கிண்டல் செய்திருக்கிறேன்.

டார்ச்சை அணைக்கச் சொன்னாள்.
"நீ வச்சிக்கய்யா.
வூட்ல ஒரு வாயாவது முழுசா இருக்கட்டும்."
சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.
அது சம்மதமா, அடியா,
இல்லை வெறும் கணக்கா.

இன்றைக்குச் சாயங்கால நடை.
மஞ்சக்குப்பத்தில் அந்த மாடியில் விளக்கு எரிகிறது,
பச்சை போர்டில் ஒரு பெரிய வெள்ளைப் பல் சிரிக்கிறது.
பையில் சீட்டுப் பணம்,
கழிவு போக ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
ஒரு பல்லுக்கே பற்றாது.
அதை வைத்துக்கொண்டு
நான் மூன்று பல் யோசிக்கிறேன்.

விசிலை வலது பக்கம் மாற்றிக் கடித்தேன்.
வாய் கோணிக்கொண்டு ஒன்று வந்தது.
வண்டி நின்றது.
டிரைவர் பாவாடை கண்ணாடியில் பார்த்தான்:
"யாருய்யா எறங்கணும்?"

யாரும் எழவில்லை.
பின்னால் டைம் வண்டி ஹாரன் அடிக்கிறது.
இன்னும் இரண்டு
நான் ஊதவில்லை.