ஒரு பங்குக்கு

தால்காவானோ துறைமுகத்துக்கு மேலே
பேருந்து திரும்பும் முனையில் எங்கள் கடை.
ஆறாவது வரிசை என் பொறுப்பு:
சூப்புப் பொட்டலம், பிஸ்கட், பாலில் போடும் தானியம்.

உறையின் முகப்பில் கறுப்பு எண்கோணங்கள்.
சோடியம் அதிகம். சர்க்கரை அதிகம்.
ஒன்றோ இரண்டோ, சிலவற்றில் நான்கு,
துக்கச் சட்டையின் பொத்தான்கள் போல.

வந்த புதிதில் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.
இப்போது, நிலநடுக்கம் சுவரில் விட்டுப்போன விரிசலை
வீட்டுக்காரர்கள் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.
இருக்கிறது, தெரியும்,
நாளைக்கும் இருக்கும்.

யாஸ்னா மட்டும் எண்ணிப் பார்த்து வாங்குவாள்.
முத்திரை போட்ட தீனியைப் பையனின் பையில் கண்டால்
டீச்சர் திருப்பி அனுப்பிவிடுகிறாளாம்.
அதனால் வீட்டிலேயே பிரித்து
பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிக் கொடுக்கிறாள்.
"டப்பாமேல் ஒன்றும் எழுதியில்லையே" என்று
கல்லாவரை சிரித்துக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை, மழை, நொல்பெர்த்தோ வந்தார்.
மீன்மாவு ஆலையில் முப்பது வருஷம்.
வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது.
பொட்டலத்தின் முதுகைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்,
மூக்கருகே கொண்டுவந்தார்,
போனில் படம் பிடித்து விரலால் அகட்டினார்.
எழுத்து பெரிதாகிப் பெரிதாகி
கலங்கிப் போனது.

"நீயே படி, மார்செலினா."
"சோடியம், எண்ணூற்று நாற்பது மில்லிகிராம்."
"அது நிறையவா?"
எனக்கென்ன தெரியும். அடுக்குகிறவள் நான்.
ராத்திரி ஷிப்டில் இதே சூப்பில்தான்
வெந்நீர் ஊற்றிக்கொள்கிறேன்.
"ஒரு பங்குக்கு" என்றேன்.
"பங்கு என்றால்?"
"ஒரு கோப்பை. இதில் நான்கு பங்கு."
கொஞ்ச நேரம் உறையையே பார்த்தார்.
"பங்கு போட வீட்டில் யார் இருக்கிறார்கள்?
நாலையும் நான்தானே குடிக்கிறேன்."

எண்ணூற்று நாற்பதை நான்கால் பெருக்க எனக்குத் தெரியும்.
வாயைத் திறக்கவில்லை.

முத்திரையில்லாத சூப்பு அடுத்த தட்டிலேயே இருந்தது,
எழுநூறு பேசோ கூடுதல்.
எடுத்தார். எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்தார்.
பிறகு திரும்ப வைத்தார்,
நான் அடுக்கியதைவிட நேராக.

பழைய சூப்பு கூடைக்குள் போனது,
கறுப்புப் பக்கம் அடியில் படும்படி.

"மகள் வந்து கேட்டால்" என்றார், குடையை உதறாமலே விரித்தபடி,
"படித்துப் பார்த்துத்தான் வாங்கினார் என்று சொல்."